கேட்டால் தெரியாது, இருந்து பார்த்தால் தெரியும்

புதுவை நகரில் பஸ் ஏறி வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டித்தான் மறுபடியும் புதுவை மாநிலமாகிய எங்கள் பிள்ளைச்சாவடி வரும். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, மறு பக்கம் கடல். இந்த ஊரில் சிறிய அளவில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். நம் இதழில் வழக்கமாக வரி, உரிமம், சரக்கு நிலவரம் என்று எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஆராய்ச்சி முறை ஒன்றைப் பற்றி. பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நம் கடைப் பற்று நோட்டும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். கையில் அட்டையும் அச்சடித்த தாள்களுமாக ஒரு இளம்பெண் கடைக்கு வந்தார். குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுக்க வந்தவர். கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடமே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், மாதம் என்ன வருகிறது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "கடன் ஏதாவது இருக்காக்கா?" என்றார்.

"கடனெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார் அந்த அம்மா, துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே. அந்தப் பெண்ணும் "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டார்.

அந்தப் பருப்பையே நான் நோட்டில்தான் எழுதினேன். பழைய பாக்கியும் அதில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர் கணக்கை மூன்றாம் ஆளிடம் சொல்வது வியாபார தர்மம் ஆகாது. ஆனால் அன்று முழுவதும் அந்தக் குறி என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பேச்சில் கடன் என்றால் வட்டிக்கு வாங்குவது. அண்ணாச்சி கடையில் வாங்குவது "நோட்டுல எழுதிக்கறது". கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார், சொன்னவரும் சரியாகத்தான் சொன்னார். தாளில் ஏறியது மட்டும் தப்பு. இப்படி எத்தனை ஊரில், எத்தனை கடை வாசலில் குறி போட்டிருப்பார்கள்! அதைக் கூட்டிப் பெருக்கித்தானே ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்கிறார்கள், திட்டம் போடுகிறார்கள்?

படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதற்காகத்தான் உற்றுநோக்கல் என்று ஒரு முறையே இருக்கிறது" என்றார். அவர் சொல்லித் தேடிப் படித்ததையும், பிறகு நானே செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கூடாரம் போட்ட அறிஞர்

மனிதர்களைப் பற்றி அறிய இரண்டு வழி உண்டு. ஒன்று, கேள்வித்தாளை எடுத்துப்போய்க் கேட்பது. இன்னொன்று, அவர்கள் நடுவே போய் இருந்து, பேச்சைக் கற்றுக்கொண்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவைப்பது. இரண்டாவதைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று சமூக அறிவியலில் சொல்கிறார்கள். இதைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் மாலினோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டுக்காரர். 1915 முதல் 1918 வரை, நடுவில் ஒரு நீண்ட இடைவெளி தவிர, நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினார். 1922ல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதில் இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் ஓடம் கட்டிக்கொண்டு ஆபத்தான கடலைத் தாண்டிப்போய்ச் சிவப்புச் சிப்பி மாலைகளையும் வெள்ளைச் சங்கு வளையங்களையும் கைமாற்றிக்கொள்வார்கள். மாலை ஒரு திசையில் தீவு தீவாகச் சுற்றும், வளையம் எதிர்த்திசையில் சுற்றும். யாரும் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதில் பேரம் பேசுவது கேவலம். ஆனால் அதே பயணத்தில், பக்கத்திலேயே, சாதாரணச் சாமான்களின் பண்டமாற்றும் நடக்கும். அதில் பேரம் தாராளம். இரண்டுக்கும் அவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். மாலை மாற்றுவதில் ஒருவன் கணக்குப் பார்த்தால், "இவன் சந்தை வியாபாரம்போல் நடந்துகொள்கிறான்" என்று ஏளனம் செய்வார்களாம். ஒரு நாள் வந்துபோகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். மாதக்கணக்கில் இருந்தவருக்குத்தான் வித்தியாசம் பிடிபட்டது. கடன் வேறு, நோட்டில் எழுதுவது வேறு என்ற எங்கள் ஊர் அம்மாவின் கணக்கும் இதே ரகம்தான்.

நம் ஊர்ப் பக்கமே நடந்தது

இதற்கு நியூகினி வரை போக வேண்டியதில்லை. புதுவை செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நாம் எல்லோரும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறோம். 1955ல் தொடங்கியது. சைவ ஆகமச் சுவடிகள், தாவரங்கள் என்றுதான் அதன் பேர் முதலில் பரவியது. பின்னாளில் சமூக அறிவியல் ஆய்வுகளும் அங்கே வேரூன்றின. அவற்றில் ஒன்று நேராக நம் கல்லாவைத் தொடுகிறது.

இசபெல் கெரேன் என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர், இந்த நிறுவனத்தைச் சார்ந்த ஜி. வெங்கடசுப்பிரமணியன், சந்தோஷ்குமார் முதலியோருடன் சேர்ந்து விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களின் கடனைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். 2010ல் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். கணக்கெடுப்போடு நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், பெண்களோடு உட்கார்ந்து, யாரிடம் வாங்குகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எதை அடகு வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த அனுபவமெல்லாம் சேர்ந்து 2023ல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வந்திருக்கிறது. அதன் பெயரே கடன்பட்ட பெண் என்ற பொருள் தருவதுதான்.

அவர்கள் கண்டது என்ன? ஒரு குடும்பத்துக்கு ஒரு கடன் என்று இருப்பதில்லை. தண்டல்காரர், அடகுக் கடை, குழுக் கடன், உறவுக்காரர், "தெரிஞ்சவங்க" என்று பல இடத்தில் ஒரே சமயத்தில் கை நீட்டியிருப்பார்கள். இங்கே வாங்கி அங்கே கட்டி, அங்கே வாங்கி இங்கே கட்டி, பந்து விளையாட்டுக்காரன் நாலு பந்தைக் கீழே விழாமல் வீசிப் பிடிப்பதுபோல ஓட்டுகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில். இன்னொன்றும் கண்டார்கள்: குறைந்த வட்டிக் கடனைத்தான் ஏழைகள் விரும்புவார்கள் என்பது எப்போதும் சரியல்ல. யாரிடம் வாங்கினால் தலைகுனிவு, யாரிடம் வாங்கினால் மரியாதை கெடாது என்ற கணக்கு வட்டிக் கணக்கைவிடச் சில சமயம் பெரிதாக இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நூறு ரூபாய் பாக்கிக்காகக் கடை இருக்கும் தெருவையே விட்டுச் சுற்றிப்போகும் ஆளை எந்த மளிகைக்காரர் பார்த்ததில்லை? நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நாம் அதை எழுதிவைக்கவில்லை. அவர்கள் எழுதிவைத்தார்கள்.

நம்மையே உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு. பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆரணி நகரத்து வியாபாரத்தை 1973ல் ஆராயத் தொடங்கி, 1983, 1993 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தார். நெல், அரிசி, பட்டு என்று வளர்ந்த ஊர் அது. இந்தியாவின் சிறு நகரப் பொருளாதாரத்தை நடத்துவது சர்க்கார் சட்டம் மட்டுமல்ல, சாதி, குடும்பம், மதம், வியாபாரிகள் சங்கம் இவையும்தான் என்று 2003ல் வெளியான தம் நூலில் எழுதினார். சங்கங்களைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் நமக்கு இனிக்காது. நாம் கூட்டத் தீர்மானத்தில் எழுதுவது ஒன்று, கடைவீதியில் நடப்பது ஒன்று என்பதை வெளியாள் ஒருவர் எடுத்துச் சொன்னால் உறைக்கத்தான் செய்யும். எனக்கும் உறைத்தது. அதற்காக அவர் சொன்னது தப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எழுதாதது நிற்காது

உற்றுநோக்கலில் பாதி வேலை பார்ப்பது, மீதிப் பாதி எழுதுவது. இதில் நம் புதுவைக்கு ஒரு பெருமை உண்டு. பெரிய மார்க்கெட் பக்கம் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய வீட்டைத் தாண்டித்தான் போகிறோம். ஆனந்தரங்கப்பிள்ளை ஒரு வியாபாரி. துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் துபாஷியாகவும் இருந்தார். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் தறுவாய் வரை, கப்பல் வந்தது, போனது, துணி விலை, கவர்னர் வீட்டுப் பேச்சு, ஊர் வதந்தி, சகுனம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இடையில் சில பகுதிகள் கிடைக்கவில்லை. 1846ல்தான் அந்த ஏடுகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக ஆங்கிலத்தில் அச்சாயின. அவரை யாரும் ஆராய்ச்சிக்காரர் என்று சொல்வதில்லை. தன் லாப நஷ்டத்தையும் பகையையும் சேர்த்தே எழுதியவர். ஆனாலும் அந்தக் காலத்துப் புதுவையை அறிய அவர் ஏட்டை விட்டால் ஈடான இன்னொன்று இல்லை. ஒரு வியாபாரி ராத்திரி உட்கார்ந்து எழுதியதால் வந்தது அது.

எழுதியதைப் பத்திரப்படுத்துவது அடுத்த பாடு. எம்.என். சீனிவாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1948ல் மைசூர் அருகே ஒரு கிராமத்தில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அந்த ஊருக்கு ராம்புரா என்று மாற்றுப் பெயர் கொடுத்தார். அங்கே எடுத்த குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டுகள் வகைப்படுத்திச் சீராக்கி, மூன்று படிகள் வைத்திருந்தார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் தங்கி நூல் எழுத இருந்த சமயம், 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் மூன்றும் எரிந்துபோயின. மூன்று படியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தார்! பற்று நோட்டையும் அதன் நகலையும் ஒரே மேஜை அறையில் வைத்திருக்கும் நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நண்பர் ஒருவர் தூண்டியதால் ஞாபகத்திலிருந்தே எழுத ஆரம்பித்தார். 1976ல் நூல் வந்தது. நல்ல நூல் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

சீனிவாஸிடம் எனக்குப் பிடித்தது வேறு. ஊர்த் தலைவர் ஆதரவில், அவருக்குச் சொந்தமான வீட்டில் தங்கியிருந்ததால் மேல்சாதிக்காரர் பக்கத்திலிருந்தே ஊரைப் பார்த்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். எங்கே உட்காருகிறோமோ அங்கிருந்து தெரிவதுதான் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வாங்க வருகிற முகம் தெரியும். வாங்காமல் திரும்பிப்போகிற முகம் தெரியாது. அடுத்த கடைக்குப் போகிறவர் ஏன் போகிறார் என்பது கடைப்பையனுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது.

திரும்பிப் பார்ப்பதின் அருமைக்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமத்தை 1916ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்கள் மூலம் ஆராய்ந்தார். அதே ஊரை 1937ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் குழுவினரும், 1980களின் தொடக்கத்தில் எஸ். குகன், ஜோன் மென்ஷர் ஆகியோரும், 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரு பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், தொண்ணூறு ஆண்டுகளில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது என்பது ஒரு தடவை பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது.

பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்

இந்த முறையிலும் கோளாறு உண்டு. எடையளவு முத்திரை பார்க்க ஆய்வாளர் வந்து நிற்கும்போது எல்லாக் கடைத் தராசும் ஒழுங்காகத்தான் நிற்கும். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதன் நடை மாறிவிடும். சிக்காகோ அருகே ஹாதார்ன் என்ற இடத்தில், தொலைபேசிச் சாதனம் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை சோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் குறையவில்லை என்றார்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற நினைப்புதான் காரணம் என்று உலகமெங்கும் பாடம் நடத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் பழைய புள்ளிவிவரத்தைத் தோண்டிப் பார்த்து, அந்த முடிவு அவ்வளவு உறுதியல்ல என்று சொல்லியிருக்கிறார்கள். அது எப்படியோ போகட்டும், தராசு விஷயம் நமக்கு உறுதி.

இதற்கு மருந்து, நீண்ட நாள் இருப்பதுதான். முதல் வாரம் வந்தவரை ஊரே வேடிக்கை பார்க்கும். மூன்றாவது மாதம் அவரும் ஒரு தூண் மாதிரி ஆகிவிடுவார். மளிகைக்காரன் பிறந்ததிலிருந்தே தூண். ஒளிந்துகொள்ள வேண்டியதே இல்லை. அதனாலேயே ஒரு கடமையும் வருகிறது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1961ல் தங்கி ஆராய்ந்த ஆந்திரே பெத்தேய் அதை ஸ்ரீபுரம் என்றுதான் எழுதினார். நிஜப் பெயர் அல்ல. ஜனங்கள் நம்பிச் சொன்னதை அச்சில் ஏற்றும்போது ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. நானும் இந்தக் கட்டுரையில் யார் பெயரையும் எழுதவில்லை. இன்று செல்போன் மூலம் சாமான் விற்கும் பெரிய கம்பெனிகளும் யார், எந்த நேரத்தில், எதை வாங்கினார் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் பார்ப்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. வாங்குகிறவர் ஏன் வாங்கினார் என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை.

என் ஒரு வருட நோட்டு

அந்தக் குறி போட்ட சம்பவத்துக்குப் பிறகு நானும் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். தினமும் ராத்திரி கடை சாத்தியபின் பத்து வரி. கணக்கு அல்ல, கண்டது மட்டும். யார் என்று எழுதுவதில்லை. எந்த நேரம், என்ன வாங்கினார்கள், ரொக்கமா நோட்டா, என்ன பேச்சு. முதல் மாதம் எழுதியது பூராவும் குப்பை. "இன்று வியாபாரம் சுமார்" என்று எழுதியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது? பிறகுதான், "ஒரு லிட்டர் எண்ணெய் வாங்குகிறவர் கால் லிட்டர் வாங்கினார்" என்று எழுதப் பழகினேன்.

எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாள், இப்போது 61 நாள். விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அப்போது வரும்படி கிடையாது. தடைக்காலத்தில்தான் பாக்கி ஏறும் என்பது என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடை வேதவாக்கு. ஏப்ரல் வந்ததும் நோட்டை இறுக்கிவிடுவேன். படகு கடலுக்குப் போனதும் கை தாராளமாகிவிடும்.

வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் கதை வேறாக இருந்தது. தடைக்காலத்தில் ஜனங்கள் தாங்களாகவே வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். எண்ணெய் சிறு பாக்கெட்டுக்கு இறங்கியது, பருப்பு பாதியானது. பாக்கி ஏறியது ஜூன் பிற்பாதியில், படகு போன பிறகு! முதல் பணம் வந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய வட்டிக்கும் போய்விட்டது. அண்ணாச்சி பொறுத்துக்கொள்வார் என்று என் முறை கடைசியில் வந்தது. தரக்கூடியவர்களுக்குக் கை மூடி, ஓட்டமாய் ஓடும் சமயத்தில் கை திறந்து, எத்தனை வருடம் தலைகீழாக வியாபாரம் செய்திருக்கிறேன்!

இன்னொன்று அதைவிட உறைத்தது. குழுப் பணம் வசூலிக்க ஆள் வரும் நாட்களில், வழக்கமாக ரொக்கம் தருகிற பெண்கள் சிலர் காலையில் "இன்னிக்கு எழுதிக்குங்க அண்ணாச்சி" என்றார்கள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். நாலு மாதத்துக்கு அதே நாட்கள், அதே வார்த்தை. கையிலிருந்த ரொக்கம் பதினோரு மணி வசூலுக்காகக் காத்திருந்தது. தவணை தவறாமல் வசூலாகிறது என்று அந்தக் குழுக் கணக்கில் எழுதுவார்கள். அதில் என் துவரம்பருப்பும் கொஞ்சம் இருக்கிறது.

"கடனெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு" என்று சொன்ன அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருவர். அந்த நாட்களில் இப்போது நான் கால் கிலோ, நூறு கிராம் பொட்டலங்களை விடியற்காலையிலேயே கட்டி முன்னால் வைத்துவிடுகிறேன். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ரொக்கமாகவே வாங்கிக்கொண்டு போகிறார்கள். நோட்டு கொஞ்சம் மெலிந்திருக்கிறது. தராசுக்குக் கீழே இரண்டாவது நூறு பக்க நோட்டில் பாதி தாண்டிவிட்டது. முதல் நோட்டு வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடையில் வைக்கவில்லை.